குலசை தசரா: கைவசம் ஒரே ஒரு நாள். எந்த நாள் வரலாம்?

பயணப்பை:
வணக்கம். வேலை சென்னையில், சொந்த ஊர் கோவைப் பக்கம். திருச்செந்தூருக்குத் தெற்கே நான் வந்ததே இல்லை. அலுவலகத்தில் ஒரு நெல்லைக்காரர் இருக்கிறார். ஆவணி கடைசியிலேயே குலசை, குலசை (குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா) என்று ஆரம்பித்துவிடுவார். காலில் செருப்பு இருக்காது, தாடி வளரும், ஒரு வேளைதான் சாப்பாடு. அப்புறம் பத்து நாள் ஆளே காணாமல் போய்விடுவார். கேட்டால் "வந்து பாருங்க சார், சொன்னா வெளங்காது" என்பார்.

இந்த வருடம் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். 2025 செப்டம்பர் 23 கொடியேற்றம், அக்டோபர் 2 சூரசம்ஹாரம் என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்குக் கிடைப்பது ஒரு பகல் மட்டும். போக ஒரு இரவு, திரும்ப ஒரு இரவு, இரண்டும் ரயிலில். மனைவியும் நாலாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட வருகிறார்கள். சம்ஹாரத்தன்று வருவதுதானே சரி? எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?

செந்தூர்விடியல்:
இதில் என்ன சந்தேகம்? சம்ஹாரம்தான். மைசூருக்கு அடுத்த தசரா என்று குலசையைச் சொல்வதே அந்த ஒரு ராத்திரியை வைத்துத்தான். நள்ளிரவில் அம்மன் சிம்ம வாகனத்தில் கடற்கரைக்கு, சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னால் வருவாள். மகிஷாசுரன் எதிரே வந்து மோதுவான். சிங்க முகத்தோடு வருவான், விழுவான். எருமை முகத்தோடு வருவான், விழுவான். கடைசியில் சேவலாக வருவான், அதுவும் விழும். ஒவ்வொரு முறையும் "ஓம் காளி, ஜெய் காளி" என்று மணல் முழுக்க ஒரே குரலாக எழும் பாருங்கள், அது எந்த வீடியோவிலும் வராது. நேர்ச்சைக்காக வேஷம் கட்டிப் பத்து நாளும் ஊர் ஊராகச் சுற்றியவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அங்கே இருப்பார்கள். சாயங்காலமே போய் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள்.

தேரிமணல்:
செந்தூர்விடியல் அண்ணாச்சி சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் கேட்டது யார் என்று பார்க்காமல் பதில் சொல்லிவிட்டார்.

தம்பி, உங்களுக்கு ஒரு பகல்தான் இருக்கிறது. சம்ஹாரம் நடப்பது நடுராத்திரி. சாயங்காலம் மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது மறுநாள் ஆகியிருக்கும். பேருந்தை எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து நடைதான். சம்ஹாரம் முடிந்ததும் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன ஊரை விட்டு வெளியேற வேண்டும். விடியும்வரை நகர முடியாது. உங்கள் மகள் பார்க்கப்போவது முன்னால் நிற்கிறவர் முதுகையும் அவர் தூக்கிப் பிடித்த செல்போனையும்தான்.

இன்னொன்று. குலசை என்றால் எல்லாரும் கோயிலையும் கடற்கரையையும்தான் நினைக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது உடன்குடிப் பக்கம். எங்களைக் கேட்டால், கோயிலில் நடப்பது பாதித் திருவிழாதான். மீதிப் பாதி நடப்பது எங்கள் தெருக்களில். கொடி ஏறிய அன்றைக்குக் கோயிலில் காப்பு வாங்கிக் கையில் கட்டியதும் ஊருக்குத் திரும்பி வேஷம் கட்டுவார்கள். பரமன்குறிச்சி, மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், திசையன்விளை, ஆறுமுகநேரி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரு தசரா செட்டு, அதாவது வேஷக்காரர் குழு, இருக்கும். சில ஊரில் தெருவுக்கு ஒன்று. ஓலையிலோ தகரத்திலோ குடில் போட்டு, உள்ளே அம்மன் படம் வைத்து, விரதக்காரர்கள் அங்கேயே சமைத்து அங்கேயே படுப்பார்கள். காலையில் கிளம்பினால் வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை எடுப்பார்கள். அந்தக் காசு மொத்தமும் பத்தாம் நாள் அம்மன் உண்டியலுக்குப் போகும்.

அதனால் என் யோசனை: நடு நாளில் ஒன்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இந்த வருடக் கணக்கில் செப்டம்பர் 28, ஆறாம் திருநாள். சனிக்கிழமை சென்னையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஞாயிறு காலை திருச்செந்தூர். ராத்திரி அதே வண்டியில் திரும்பலாம். குலசை அங்கிருந்து 13 கிலோமீட்டர்தான். முதலில் உடன்குடி, மதியத்துக்கு மேல் கோயில், வெயில் தாழக் கடற்கரை.

செந்தூர்விடியல்:
அம்மன் வீதி உலா வருவதே ராத்திரிதான். ஆறாம் நாள் மகிஷாசுரமர்த்தினி கோலம். அதைக்கூடப் பார்க்காமல் ரயிலேறச் சொல்கிறீர்கள். கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டுவதற்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருகிற மாதிரி இருக்கிறது.

தேரிமணல்:
பந்தி நன்றாக இருந்தால் என்ன அண்ணாச்சி தப்பு.

நாசரேத்காரி:
நான் பெண்ணாகச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்ஹாரத்தன்று சின்னப் பிள்ளையோடு வருகிற வெளியூர்ப் பெண்ணுக்கு முதல் பிரச்சினை கழிப்பறை. தற்காலிகமாக வைப்பார்கள்தான், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எத்தனை வைத்தாலும் காணாது. வரிசையில் நின்று திரும்பினால் விட்ட இடம் கிடைக்காது, கூட வந்தவர்களும் கிடைக்க மாட்டார்கள். செல்போன் கோபுரமும் அன்றைக்குத் திணறும். போன் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி யாரும் பிரிந்து போகாதீர்கள். எந்த நாள் போனாலும் பிள்ளையின் கையில் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.

கைக்குழந்தையோடு சம்ஹாரம் பார்க்கிற உள்ளூர்க்காரர்கள் உண்டு. அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அத்தை வீடு இருக்கும். உங்களுக்கு இல்லை. தேரிமணல் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

காயல்காற்று:
நானும் ஞாயிற்றுக்கிழமைக்கே ஓட்டுப் போடுகிறேன். கடைசி இரண்டு நாள் எங்கள் காயல்பட்டினம் வழியாகப் போகிற வண்டிகளின் வரிசையைப் பார்த்தாலே தெரியும், அங்கே நிற்க இடமிருக்காது என்று.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். குலசையை வருடத்தில் பத்து நாள் மட்டும் உயிர் பெறுகிற ஊராக நினைத்துக்கொண்டு வராதீர்கள். அது பழைய துறைமுகம். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான், பள்ளிவாசல்கள் உள்ள ஊர். 1942 செப்டம்பரில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, அந்த ஊர் உப்பளத்தில்தான் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள், ஆனால் பிறகு அவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். இப்போது ராக்கெட் தளமும் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம் என்பதுதான் காரணம்.

நேரம் இருந்தால் மணப்பாடும் பார்த்துவிடுங்கள். குலசைக்குத் தெற்கே பக்கத்து ஊர்தான். மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கடல்.

செந்தூர்விடியல்:
ராக்கெட் விட்டால் தசராவுக்கு விரதக்காரன் நடக்க வழி இருக்குமா என்று யாராவது சொல்லுங்கள்.

நெறியாளர்:
ராக்கெட் தளத்துக்குத் தனி இழை ஓடுகிறது. அங்கே போய்ப் பேசுங்கள்.

ஒளிப்பெட்டி:
கேமராவோடு வர எண்ணம். காளி வேஷம் நெருக்கத்தில் எடுக்க எந்த இடம் நல்லது? வேஷம் போடுகிற இடத்திலேயே, பாதி முகம் சாயம் பூசிய நிலையில் எடுக்க முடியுமா? யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா?

பனங்காட்டான்:
பணம் கொடுக்க வேண்டும் என்றால் காணிக்கையாகக் கொடுங்கள், படத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள்.

நான் காளி வேஷம் கட்டுகிறவன். வருடா வருடம் கட்டுகிறேன், காரணம் என் வீட்டு விஷயம், அதை விடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். காளி கட்டுகிறவன் 41 நாள், சிலர் 48 நாள் விரதம் இருக்கிறோம். மாலை போட்டதும் வீட்டுப் படுக்கை கிடையாது. காலையிலும் மாலையிலும் குளியல். மதியம் ஒரு வேளைச் சோறு, அதையும் நாங்களே பொங்கிச் சாப்பிடுவோம். மற்ற வேஷத்துக்கு 21 நாள், 11 நாள் என்று குறையும். காளிக்கு மட்டும் சலுகை இல்லை.

ஏன் என்றால் மற்றவர்கள் வேஷம் கட்டினால் வேஷக்காரர். போலீஸ் வேஷம் கட்டினவனிடம் சின்னப் பிள்ளைகள் "என்ன சார், கேஸ் உண்டா?" என்று விளையாடும். குரங்கு வேஷக்காரன் கடையில் வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்பான், கடைக்காரரும் சிரிப்பார். காளி வந்து வாசலில் நின்றால் எழுபது வயதுப் பாட்டியம்மா எழுந்து வந்து என் காலைத் தொட்டு "அம்மா, என் பேரனுக்கு ஒரு வழி காட்டு" என்று கேட்பார். அந்த நேரத்தில் நான் யாருடைய மகன், எங்கே வேலை பார்க்கிறேன் என்பதெல்லாம் கிடையாது. சடைமுடி, தலையில் கிரீடம், வாயில் நாக்கு, முதுகில் எட்டுக் கை, அதோடு வெயிலில் நிற்கும்போது கழுத்து இற்றுப்போகும். ஆனாலும் அந்த அம்மா சொல்லி முடிக்கும்வரை அசையக் கூடாது. திருநீறு கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

முகத்தில் சாயம் ஏறும்போது நாங்கள் பேச மாட்டோம். அப்போது வந்து "அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று ஒருத்தர் கேட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். தெருவில் நடக்கும்போது எடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். குடிலுக்குள் வேண்டாம்.

ஒளிப்பெட்டி:
புரிந்தது அண்ணே. ஆனால் இணையம் முழுக்கக் குடிலுக்குள் எடுத்த படங்கள் கிடக்கின்றனவே. செட்டுக்காரர்களே எடுத்துப் போடுகிறார்களே.

பனங்காட்டான்:
போடுகிறார்கள். சில செட்டில் சாயம் பூசுவதையே நேரலை விடுகிறார்கள். நான் என் குடிலுக்குப் பேசினேன்.

தேரிமணல்:
செட்டு என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். பயணப்பை தம்பி ஏமாற்றம் அடையக் கூடாது பாருங்கள். நீங்கள் வருகிற அன்றைக்கே ஏதாவது ஒரு சந்திப்பில் இரண்டு செட்டு எதிரெதிரே வரும். ஒன்றில் நையாண்டி மேளம் அடித்துக் கரகம் ஆடும். இன்னொன்றில் லாரியில் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி அடுக்கி, சினிமாப் பாட்டுப் போட்டு ஆட்டக்காரர்களை ஆட விடுவார்கள். முன்பு டிவியில் வருகிறவர்களைக் கூட்டிவந்து "எங்க செட்டுக்கு யாரு வந்திருக்கா பாத்தியா" என்று ஊருக்கு ஊர் போட்டி. ஆபாச ஆட்டம் கூடாது, பக்திப் பாட்டுத்தான் போடவேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு கோயில் பக்கம் குறைந்திருக்கிறது. உள் கிராமத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்.

கூட்டாம்புளி:
எல்லாரும் ஆட்டத்தைக் குறை சொல்கிறீர்கள். எங்கள் செட்டில் கல்லூரி முடித்த பையன்கள்தான் அதிகம். ஆட்டம் இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் வரமாட்டான். வந்து ஆடுகிறவன்தான் அடுத்த வருடம் மாலை போடுகிறான். நானே அப்படி வந்தவன்தான். தொடக்கத்தில் ஆட்டம் பார்க்க லாரிக்குப் பின்னால் ஓடினேன், இப்போது 21 நாள் விரதம் இருந்து குறத்தி கட்டுகிறேன். வயசானவர்களுக்கு எப்போதுமே அந்தக் காலம்தான் பக்தி.

நாசரேத்காரி:
கூட்டாம்புளி தம்பி, நீ திருந்தியது சந்தோஷம். ஆனால் அந்த லாரிக்கு முன்னால் ஆடுகிற பெண்ணும் யாரோ வீட்டுப் பிள்ளை. சுற்றி நின்று ஆண்கள் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் என் அக்காவும் அந்தத் தெருவைக் கடந்து போகவேண்டியிருந்தது. அதற்குப் பக்தி என்று பெயர் வைக்காதே.

கூட்டாம்புளி:
அக்கா, அது தப்புதான். நான் ஆட்டத்தைச் சொன்னேன், அந்தச் சத்தத்தைச் சொல்லவில்லை.

காயல்காற்று:
சாதிக் கொடி, சாதி ரிப்பன், சாதிப் பெயர் போட்ட பனியன் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறதே, அதையும் சொல்லுங்கள். அறிவிக்க வேண்டியிருக்கிறது என்பதே ஒரு செய்திதானே. இரும்பு வாள், இரும்பு வேல் எல்லாம் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். அட்டையிலும் மரத்திலும் செய்ததுதான் விடுவார்கள்.

பனங்காட்டான்:
அது நல்ல ஏற்பாடு. அருள் வந்து ஆடுகிற கூட்டத்தில் இரும்பு எதற்கு?

செந்தூர்விடியல்:
இந்த வருடம் சம்ஹாரம் காந்தி ஜெயந்தியன்று விழுகிறது. டாஸ்மாக் மூடல். காவல்துறைக்குப் பாதி வேலை மிச்சம். இப்போதும் சொல்கிறேன், சம்ஹாரத்துக்கே வாருங்கள் தம்பி.

வடசென்னைவாசி:
நான் 2019இல் சம்ஹாரம் பார்த்தேன். கடற்கரையில் எனக்குத் தெரிந்தது தூரத்தில் ஒரு வெளிச்சம், அதைச் சுற்றிப் புழுதி, அவ்வளவுதான். ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்லக் கூடாது. 2020இல் கொரோனா காரணமாகப் பக்தர்கள் இல்லாமல் கோயில் முன்னாலேயே சம்ஹாரம் நடந்தது. அதை இணையத்தில் நேரலையில் பார்த்தேன். சூரன் ஒவ்வொரு முகமாக வருவது அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. சிலிர்ப்புத்தான் இல்லை. எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. செப்டம்பர் 28, ஞாயிறு. ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. செந்தூர்விடியல் அண்ணா மன்னிக்கவும், கழிப்பறை விஷயத்தைப் படித்ததும் மனைவி வேறு பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார்.

தேரிமணல்:
நல்லது. பருத்தி உடுப்பு, தண்ணீர், தொப்பி. தரிசன வரிசை மணிக்கணக்கில் நிற்கும், பிள்ளைக்கு ஏதாவது தின்ன வைத்துக்கொள்ளுங்கள். பதநீர் கிடைக்குமா என்று கேட்டுவிடாதீர்கள், இது பருவம் இல்லை. பதநீர் இல்லாவிட்டாலும் உடன்குடிக் கருப்பட்டி உண்டு. சுக்கும் ஏலக்காயும் போட்ட சில்லுக்கருப்பட்டி வாங்குங்கள். தட்டிப் பார்த்து வாங்குங்கள், சீனி கலந்ததும் விற்கிறார்கள். அப்புறம் காணிக்கை போடச் சில்லறை, நோட்டாகக் கொண்டுவராதீர்கள். பத்து ரூபாய்க் காசு நிறையத் தேவைப்படும்.

பயணப்பை:
போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூரில் இறங்கி, ஒரு விடுதியில் குளிக்க மட்டும் அறை கேட்டோம். முழு நாள் வாடகை, அதுவும் தசரா வாடகை. சரி, வாதாடவில்லை. உடன்குடிப் பேருந்தில் ஏறியதும் எங்கள் முன் இருக்கையில் எமன் உட்கார்ந்திருந்தார். பாசக்கயிறு மடியில், கதாயுதம் ஜன்னல் ஓரத்தில். நடத்துநர் வந்ததும் இடுப்பிலிருந்து காசு எடுத்துச் சீட்டு வாங்கினார். என் மகள் அந்த ஒரு மணி நேரமும் அவரையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அவரே அவள் தலையில் கை வைத்து, "நூறு வருசம் கழிச்சுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவிக்குச் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை.

உடன்குடிக் கடைவீதியில் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிட்டது. தேரிமணல் அண்ணா சில்லறை சொன்னது எவ்வளவு சரி! ராஜா ராணி ஜோடி வந்தார்கள், இரண்டு பேருமே மீசை மழித்த ஆண்கள். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பெண் வேஷத்தில் ஒரு பெரியவர். பூ, வளையல் எல்லாம் அவ்வளவு திருத்தமாக, அவர் வீட்டுப் பெண்களே கட்டிவிட்டிருக்க வேண்டும். ஒரு அம்மாவின் இடுப்பில் கிருஷ்ணர், இரண்டு வயதுகூட இருக்காது, நல்ல தூக்கம். அந்த அம்மாவும் விரதம்தான், கையில் காப்பு. குழந்தை பிறந்தால் வேஷம் கட்டிக் காணிக்கை எடுப்பதாக நேர்ந்திருந்தாராம்.

என்னை நிறுத்தியது பிச்சைக்காரர் வேஷம்தான். கிழிந்த சட்டை, கரி பூசிய முகம், கையில் தகரக் குவளை. காசு போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் மெல்லச் சொன்னார், அவருக்கு இதே வீதியில் சொந்தமாக இரண்டு கடை இருக்கிறதாம். யார் கேட்டாலும் அடுத்தவரிடம் கை நீட்டியதே இல்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்த மனிதராம். ஒரு வருடம் பெரிய நோய் வந்து பிழைத்த பிறகு இந்த வேஷத்தை நேர்ந்துகொண்டாராம். தன் கடையில் வேலை பார்க்கிற பையனிடமும் குவளையை நீட்டினார். அவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் போட்டான். அந்த ஊரில் யாரும் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை.

குடில் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தோம். படம் எடுக்கவில்லை, பனங்காட்டான் அண்ணா. வெளியே நின்ற ஒரு பெரியவர் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. பரிமாறியவர் காளி கட்டுகிறவர், அப்போது வேஷம் இல்லை. உதட்டோரத்தில் மட்டும் சிவப்புச் சாயம் போகாமல் இருந்தது. எல்லாரும் அவரை "அம்மா, இங்க கொஞ்சம் சோறு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

கோயிலில் இரண்டரை மணி நேரம் வரிசை. ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில், வடக்குப் பார்த்து அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். சிவனும் அம்மனும் இப்படி ஜோடியாக மூலஸ்தானத்தில் இருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பார்த்தது சில விநாடிதான், அதற்குள் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்தால் ஒலிபெருக்கி லாரி. சத்தத்தில் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள், எங்களுக்கும் நெஞ்சு அதிர்ந்தது. நாசரேத்காரி அக்கா சொன்னது வெறும் பெண்கள் பிரச்சினை இல்லை. நெஞ்சு பலவீனமான ஒரு வயசாளி பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகும்?

கடற்கரையில் உட்கார்ந்தபோதுதான் மூச்சு வந்தது. மணப்பாட்டுக்கு நேரம் போதவில்லை.

செந்தூர்விடியல்:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எமன் பகுதியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆனால் நீங்கள் பார்த்தது அத்தனையும் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கவில்லை. அந்தக் கடைக்காரர் குவளையில் சேர்ந்த காசைக் கொண்டுபோய் உண்டியலில் கொட்டுகிற நேரம் இருக்கிறதே, அது பத்தாம் நாள்தான் நடக்கும். கொட்டிவிட்டு ராத்திரி சம்ஹாரம் பார்த்து, மறுநாள் அம்மன் ஊர் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பிக் கொடி இறங்கிய பிறகு காப்பைக் கழற்றுவார். அதுவரை அவர் பிச்சைக்காரர்தான். அது இல்லாமல் தெரு மட்டும் என்றால் மாறுவேடப் போட்டி.

தேரிமணல்:
அண்ணாச்சி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொட்டுகிற இடத்தில் ஆயிரம் பேர் கொட்டுவார்கள், யார் என்ன கதை என்று தெரியாது. உடன்குடியில் அவர் யார் என்று தெரியும். தன் வேலைக்காரப் பையன் முன்னால் குவளையை நீட்டினார் பாருங்கள், அந்த நேர்ச்சை நிறைவேறியது அங்கேதான் என்று நான் சொல்வேன்.

பனங்காட்டான்:
இரண்டு பேரும் சரி, சண்டை வேண்டாம். எனக்கு எது பெரியது என்று கேட்டால் காப்புக் கட்டுகிற காலைதான். அதை நீங்கள் யாருமே சொல்லவில்லை.

வடசென்னைவாசி:
ஒரு சந்தேகம். வெளியூர்க்காரன் வேஷம் கட்டலாமா? ஊர்க் குழுவில் சேர வேண்டுமா? சாதி, ஊர் எல்லாம் கேட்பார்களா?

பனங்காட்டான்:
கோயிலில் காப்பு வாங்க யாரும் எதுவும் கேட்பதில்லை. கேரளாவிலிருந்து வந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழுவில் சேர்ந்தால் சாப்பாடு, தங்கல், மேளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, பங்குப் பணம் கொடுக்க வேண்டும். தனியாகவும் கட்டலாம், உங்கள் ஊரிலேயே காணிக்கை எடுத்துக் கடைசி நாள் கொண்டுவரலாம். சில குழுவில் ஊர், ஆள் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். பார்க்காத குழுவில் சேருங்கள். முதல் வருடமே காளி வேண்டாம். எளிதான வேஷத்துக்கு 11 நாள் விரதத்தில் ஆரம்பியுங்கள்.

வடசென்னைவாசி:
நன்றி அண்ணே. வேஷச் சாமான் எங்கே வாங்குவது? முகச் சாயம் எனக்குத் தோலில் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

நாசரேத்காரி:
சாமான் திருச்செந்தூர், உடன்குடி, குலசை எங்கும் கிடைக்கும், விழா நெருங்கினால் விலை ஏறும், முன்கூட்டியே வாங்குங்கள். சாயத்தை முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அரித்தால் அந்தச் சாயத்தை விட்டுவிடுங்கள். போடும் முன்னால் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கழுவும்போதும் முதலில் எண்ணெய், பிறகுதான் சோப்பு. என் தம்பி நேராகச் சோப்புப் போட்டுத் தேய்த்து ஒரு வாரம் முகம் எரிந்து கிடந்தான்.